சிரிப்பு வரும் முன்னே, ஜோக் வரும் பின்னே

நகைச்சுவைக்கு உயிரே எதிர்பாராத திருப்பம்தான் என்று எழுதுகிறவர்கள் யாரும் புதுச்சேரி மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்ததில்லை. இங்கே வடிவேலு அடி வாங்குவதற்கு முன்பே பெரியப்பா சிரித்து முடித்திருப்பார். நிஜமாக அடி விழும்போது அவர் இருமிக்கொண்டிருப்பார். ஆதித்யா, சிரிப்பொலி என்ற காமெடி சேனல்கள் இரண்டிலும் அவருக்கு மனப்பாடம் ஆகாத காட்சி கிடையாது. விழுப்புரம் சாலையில் போகிற பஸ் ஹாரன் அடித்து வசனத்தை முழுங்கினாலும் கவலையில்லை, அவரே சொல்லிவிடுவார். தப்பித்தவறி புதுக் காட்சி ஒன்று வந்தால், "என்னமோ போ, நல்லால்ல" என்று ரிமோட்டை எடுத்துவிடுவார்.

யோசித்துப் பார்த்தால் டிவி காமெடி முழுக்க இந்த முன்கூட்டிய சிரிப்பை நம்பித்தான் பிழைக்கிறது. கிரேஸி மோகன் நாடகங்களில் நாயகன் மாது, நாயகி ஜானகி. பெயரைக்கூட அவர் மாற்றியதில்லை. மாது வாயைத் திறந்தாலே உளறல் என்று தெரியும், ஆகவே திறப்பதற்குள் சிரிப்பு. என்ன, அவர் வசனத்தில் ஒரு ஜோக்குக்குச் சிரித்து நிமிர்வதற்குள் மூன்று ஜோக் ஓடிப்போயிருக்கும்.

சன் டிவியில் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' வந்த காலத்தில் எம்.எஸ்.பாஸ்கரின் பட்டாபிக்காகவே வீடு காத்திருக்கும். பட்டாபிக்குக் காது மந்தம். ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வார். எங்கள் தாத்தாவுக்கும் காது மந்தம். பட்டாபி எதைத் தப்பாகக் கேட்டாரோ அதையே தாத்தாவும் கேட்டிருப்பார். "அவன் சரியாத்தானே பதில் சொல்றான், எதுக்குடா இளிக்கிறீங்க?" என்று நியாயம் கேட்பார். தொடரைவிட நாங்கள் அதற்குத்தான் அதிகம் சிரித்தோம்.

சினிமாப் படங்களைக் கிண்டலடித்த விஜய் டிவியின் 'லொள்ளு சபா' கொஞ்சம் படித்தவர்கள் சமாசாரம். படித்தவர்கள் என்றால் சினிமா படித்தவர்கள். மூலப்படம் தெரியாவிட்டால் சந்தானம் எதற்கு அப்படி முறைக்கிறார் என்று புரியாது. எங்கள் தம்பி விஷயத்தில் எல்லாம் தலைகீழ். அவன் முதலில் கிண்டலைப் பார்த்தான், பிறகுதான் படங்களைப் பார்த்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளும் உச்சக்கட்டத்தில் குபீரென்று சிரித்து முதுகில் வாங்கிக்கொள்வான். 'போக்கிரி'யை அவர்கள் 'பேக்கரி' ஆக்கியபோது பாண்டிக்காரர்களான எங்களுக்குக் கிண்டல் பிடிபடவே நேரமானது. இங்கே பேக்கரி மரியாதையான இடம்.

எங்கே சிரிப்பது என்று தெரியாதவர்களுக்கும் டிவியில் வழி செய்திருந்தார்கள். அமெரிக்காவில் 1950-களில் சார்லி டக்ளஸ் என்பவர், பதிவு செய்த சிரிப்புகளை வேண்டிய இடத்தில் ஒலிக்க வைக்க ஒரு இயந்திரமே கட்டினார். நமக்கு அந்தச் செலவு தேவைப்படவில்லை, மதன் பாப் இருந்தார். 'அசத்தப்போவது யாரு' மேடையில் பையன் ரஜினி குரலுக்குத் தொண்டையைச் செருமும்போதே நடுவர் நாற்காலி குலுங்கத் தொடங்கிவிடும். அவரைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். அந்தப் பையன் என்ன ஜோக் சொன்னான் என்று இன்றுவரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் இதிலெல்லாம் ஒட்ட மாட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் சொல்தா. பட்டாபியை நாடகக்காரன் என்பார், மிமிக்ரியை இரைச்சல் என்பார். அவரையும் ஒருநாள் மிஸ்டர் பீன் கவிழ்த்துவிட்டார். பிரிட்டனில் 1990-ல் தொடங்கிய அந்தத் தொடரில் பேச்சு அநேகமாகக் கிடையாது. மனிதர் ஒரு பொருளைக் கையில் எடுத்தாலே அது உருப்படாது என்று ஆயாவுக்கும் தெரியும், கைக்குழந்தைக்கும் தெரியும். சொல்தா தாத்தா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"புரிஞ்சுதா தாத்தா?" என்றான் தம்பி.

"ஏன்டா, இங்கிலீஷ்காரனைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கு எங்களுக்கு ஒருத்தன் சொல்லித் தரணுமா?" என்றார்.