மல்லாங்கிணற்றை உலகப் பட்டியலில் ஏற்றுவது எப்படி?

அண்ணாச்சி, தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் மனு எழுதிப் பழகிய கை நம்முடையது. அதே கையால் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி யுனெஸ்கோவுக்கும் ஒன்று எழுதிப் போட்டால் என்ன? வழிமுறை கீழே.

1. எதைக் காட்டுவது என்று முடிவு செய்யுங்கள். மொத்தம் பத்து அளவுகோல்கள். ஒன்று தேறினால் போதும். “எங்க ஊரு நல்ல ஊரு” என்பது அந்தப் பத்தில் இல்லை. எழுத்தாளர் எஸ்.ராமகிருஷ்ணன் பிறந்த ஊர் என்பது மட்டும் போதாது. கரிசலும் கண்மாயும் என்று எழுதினால், “இது வேறெங்கும் இல்லையா?” என்று கேட்பார்கள். அருப்புக்கோட்டைக்காரர் வாய் திறப்பதற்குள் அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

2. வரைபடம் தயாரியுங்கள். எல்லை, பாதுகாப்புச் சட்டம், பராமரிப்புத் திட்டம் மூன்றும் கேட்பார்கள். கண்மாயின் எல்லையை வரைந்தால் யார் வீட்டுச் சுவர் உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆகவே வரைபடத்தைப் பொடி எழுத்தில் அச்சிடவும்.

3. வரிசையில் நில்லுங்கள். முதலில் நாட்டின் உத்தேசப் பட்டியலில் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே அறுபதுக்கும் மேற்பட்டவை காத்திருக்கின்றன. ஒரு நாடு ஆண்டுக்கு ஒன்றைத்தான் அனுப்பலாம். கடைசி நாள் பிப்ரவரி 1. பேரனிடம் விவரத்தைச் சொல்லி வையுங்கள்.

4. தனி வண்டி கட்டாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் ஏறியது. கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் 2004இல் அதனோடு சேர்ந்தன. 1999இல் ஏறிய டார்ஜிலிங் ரயிலோடு நீலகிரி ரயில் 2005இல் இணைந்தது. மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாகச் செஞ்சி 2025இல் உள்ளே போனது. ஏற்கெனவே ஏறியவர்களில் யார் நமக்குச் சொந்தம் என்று தேடுங்கள்.

5. நிபுணர் குறை சொன்னால் கலங்காதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தள்ளிவைக்கச் சொன்னது இயற்கைப் பாதுகாப்பு நிபுணர் அமைப்பான ஐயுசிஎன். முடிவெடுக்கும் 21 நாடுகளின் குழு 2012இல் அதையும் மீறி ஏற்றுக்கொண்டது. கோப்பு கனமாக இருப்பது நல்லது. நட்பு நாடுகள் இருப்பது அதைவிட நல்லது.

6. பண்டிகை வழியாகவும் முயலலாம். 2025 டிசம்பரில் தீபாவளி யுனெஸ்கோவின் இன்னொரு பட்டியலான அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் பட்டியல் கொண்டாடுவது பண்டிகையை. சிவகாசிப் பட்டாசுக்கு 2018 முதல் உச்ச நீதிமன்றத்தின் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. மருந்து அடைக்கும் கைகளுக்கு எந்தப் பட்டியலிலும் பத்தி கிடையாது.

7. கிடைத்த பெயரைக் கெடுப்பதும் கலைதான். ஓமன், ஓரிக்ஸ் மான் சரணாலயத்தின் பரப்பில் 90 விழுக்காட்டை வெட்டி 2007இல் பெயரிழந்தது. டிரெஸ்டன் நகரம், ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டி 2009இல் இழந்தது. லிவர்பூல் துறைமுகக் கரையில் புதுக் கட்டடங்களை எழுப்பி 2021இல் இழந்தது. முழுதாக நீக்கப்பட்டவை இதுவரை இந்த மூன்றுதான். ஹம்பி பாலத்தால் 1999இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போய், 2006இல் தப்பித்தது. எனவே பெயர் வந்த மறுநாளே வளைவு வைத்து, கடைகளுக்கு ஏலம் விட்டுவிடாதீர்கள்.

8. கடைசியாக, நம் மாவட்டத்தைப் பாருங்கள். 2012இல் ஏறிய மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமும் ஒன்று. 2021 முதல் அது புலிகள் காப்பகத்தின் பகுதியும்கூட. பால்கோவா வாங்கப் போகிற நம்மில் எத்தனை பேருக்கு, கடைக்கு மேற்கே தெரிகிற மலை உலகச் சொத்து என்று தெரியும்?

ஏற்றிவிட்டதையே கவனிக்காத நாம் புதிதாக ஒன்றை ஏற்றி என்ன செய்யப்போகிறோம்? மனு காத்திருக்கட்டும், அண்ணாச்சி. கண்மாயில் மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்டப் பாரிஸிலிருந்து ஒருவரும் வரப்போவதில்லை. இந்த மழைக்கு முன் நாமே தொடங்குவோம்.