கொள்ளுத்தாத்தாவைச் செலவில்லாமல் கண்டுபிடிப்பது எப்படி?

முதல் வேலையாக, கொள்ளுத்தாத்தாவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அவர் அயர்லாந்துக்காரராக இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிங்கப்பூர்த் தேக்கா நிலையத்தில் தோசைக்குக் காத்திருக்கும் நேரத்தில், 1901, 1911 கணக்கெடுப்புகளில் டப்ளின் தெரு ஒன்றில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், என்ன மதம், எழுதப் படிக்கத் தெரியுமா என்பதெல்லாம் கைப்பேசியில் வந்துவிடும். காசு கிடையாது. 1922இல் டப்ளின் ஆவணக் கிடங்கு எரிந்து நூற்றாண்டுக் கணக்கான ஏடுகள் போன நாடு அது. அங்கும் சில மாதாகோயில் பதிவேடுகளைச் சந்தா கட்டித்தான் பார்க்க வேண்டும் என்று புலம்புகிறார்கள். நாம் அனுதாபம் தெரிவிப்போம்.

உங்களுக்கு வாய்த்தவர் சிங்கப்பூருக்கு வந்த தஞ்சாவூர்க்காரர் என்றால் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். 1911இல் சிங்கப்பூரிலும்தான் தலையை எண்ணினார்கள். அறிக்கையைப் புரட்டினால் தமிழர் எத்தனை ஆயிரம் என்று இருக்கும், பெயர் இருக்காது. அந்தக் கூட்டுத்தொகையை ஒருமுறை கும்பிட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

அடுத்து பழைய செய்தித்தாள்கள். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு என்று பலதும் அங்கே உண்டு; பெரும்பகுதியை வீட்டிலிருந்தே படிக்கலாம், சிலவற்றுக்கு நூலகம் போகவேண்டும். ஆனால் ஆங்கிலப் பத்திரிகையில் அகப்பட வேண்டுமானால் கொள்ளுத்தாத்தா ஏதாவது செய்து மாட்டியிருக்க வேண்டும். கள்ளுக்கடையில் மண்டையை உடைத்தவருக்குப் போலீஸ் கோர்ட்டுச் செய்தியில் இரண்டு வரி கிடைக்கும். வேலைக்குப் போய் வந்து ஊருக்கு மணியார்டர் அனுப்பியவருக்கு அதுவும் இல்லை. ராமசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாக்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதே இல்லை போலும். தெரிந்த எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள். கிடைக்கும் ராமசாமிகளில் மூக்கு பொருந்துகிறவரை வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளி கொஞ்சம் மிச்சமிருந்தால் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் சந்தா கட்டுங்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் குடும்பப் பதிவேடுகள் 2014 முதல் அங்கே இருக்கின்றன: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், உயில், ஓய்வூதியம். பெரும்பாலும் துரைமார் குடும்பங்கள். அந்த ஏடுகளை எழுதியவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது இந்திய வரிப்பணம். இப்போது படிக்கவும் நாம்தான் கட்டுகிறோம்.

தமிழ்நாட்டுப் பக்கமும் முயலலாம். பட்டா, சிட்டா எல்லாம் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் நிலம் இருந்திருந்தால் அவர் ஏன் கப்பல் ஏறுகிறார்?

ஏறியதுதான் ஏறினார், நேட்டால் கப்பலில் ஏறியிருக்கக் கூடாதா? 1860 முதல் 1911 வரை அங்கே ஒப்பந்தக் கூலியாகப் போன ஒன்றரை லட்சம் பேருக்குப் பட்டியல் இருக்கிறது: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு. மொரிஷியஸ் என்றால் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பலருக்குப் புகைப்படமே உண்டு. ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே, அதனால் கணக்கு சுத்தம். நாகப்பட்டினத்தில் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவருடைய தழும்பை யார் குறித்துவைத்தார்கள்?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் இறந்தவர் என்றால், சீருடை போட்டிருந்தாரா என்று வீட்டில் விசாரியுங்கள். போட்டிருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர், படைப்பிரிவு, கல்லறை வரிசை எல்லாம் இலவசம். அந்தப் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதே இன்றுவரை உத்தேசக் கணக்கு. இந்தப் பத்திக்கு என்னிடம் ஆலோசனை எதுவும் இல்லை.

கடைசியாக, சிங்கப்பூர் கானிங் ரைஸிலும் சென்னை எழும்பூரிலும் இருக்கும் இரண்டு ஆவணக் காப்பகங்களுக்கும் ஆளுக்கொரு கடிதம் போடுங்கள். பெயரைத் தமிழில் தட்டினால் அதன் அத்தனை ஆங்கில வேடங்களையும் சேர்த்துக் காட்டுகிற அட்டவணை ஒன்று வேண்டும், சந்தா இல்லாமல் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு கடிதத்திலும் உங்கள் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். இல்லாவிட்டால் பதில் வேறு ராமசாமிக்குப் போய்விடும்.