பத்தா, பதினொன்றா?

கே: ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறேன். 10 முறை ஓட வேண்டிய ‘ஃபார் லூப்’ 11 முறை ஓடுகிறதே?
– வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

ப: 1730-களில் நெசவாளர்களுக்காக உருவான பேட்டைக்காரர் நீங்கள், இழை கூடினால் நெசவு என்னாகும் என்று தெரியாதா? கம்ப்யூட்டர் எண்ணத் தவறவில்லை. 0-இல் தொடங்கி, ‘10-க்குக் குறைவு அல்லது சமம்’ என்று நிபந்தனை போட்டிருப்பீர்கள். 0 முதல் 10 வரை விரல் விட்டு எண்ணுங்கள், 11 வரும். ‘குறைவு’ மட்டும் போதும், சமக்குறியை எடுத்துவிடுங்கள். அதற்காக 0-வைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அர்ரேயின் முதல் இடமும் 0-தான். ஒரு சுற்று கூடுவதைவிடப் பெரிய ஆபத்து, ஒவ்வொரு சுற்றிலும் 1 கூட்ட மறப்பது. லூப் ஓயவே ஓயாது, பிரவுசர் உறைந்துபோகும்! முதலில் 3 சுற்றுக்கு மட்டும் எழுதி, ஒவ்வொரு சுற்றின் மதிப்பையும் தாளில் குறித்துப் பாருங்கள்.