பெட்டிக்கு மூணு கட்சி

வாங்கடா தம்பிங்களா, திண்ணையில உட்காருங்க. நெல்லித்தோப்பு மார்க்கெட்டுல மீன் பேரம் பேசுற சத்தத்தையே அமுக்கிப்புட்டீங்களே, அப்படி என்னடா தகராறு? பிளேஸ்டேஷன் பெருசா, எக்ஸ்பாக்ஸ் பெருசாவா? பேஷ். இன்னும் கட்சி ஆபீஸ் ஒண்ணுதான் பாக்கி. மாடிவூட்டான் நீலக்கொடி, மூலைவூட்டான் பச்சைக்கொடி. சிவப்புக்கொடியோட நின்டெண்டோன்னு மூணாவதா ஒருத்தன் நிக்கிறான், அவனைச் சின்னப் புள்ளைங்க சாமான்னு ரெண்டு பேருமே ஒதுக்கி வெச்சிட்டீங்க.

கெழவனுக்கு இதுல என்ன தெரியும்னு பார்க்கறீங்களா? பெட்டி தெரியாது, தேர்தல் தெரியும். முதலமைச்சர் நிக்கறதுக்காக ஜெயிச்ச எம்.எல்.ஏ. சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்து, 2016 நவம்பர்ல இடைத்தேர்தல் பார்த்த தொகுதிடா இது. மேடையில வேட்டியை வரிஞ்சு கட்டிக்கிட்டு நிக்கிற ரெண்டு பேர், கீழே எறங்கினதும் எந்தக் கார்ல சேர்ந்து போவாங்கன்னு சொல்ல எனக்கு ஜோசியம் வேணாம். உங்க பெட்டிக் கம்பெனிக்காரனும் அதே ரகம். அடிபடுறது எப்பவும் தொண்டன்தான். அதாவது நீங்க.

மாடிவூட்டுத் தம்பி, உன் பிளேஸ்டேஷன் எப்படிப் பொறந்துச்சு தெரியுமா? முதல்ல அது நின்டெண்டோவோட போட்ட கூட்டணி. 1991-ல சிகாகோ கண்காட்சியில, நின்டெண்டோவுக்காக சிடி போட்டு ஆடுற பெட்டி செய்யறோம்னு சோனிக்காரன் மேடையேறிச் சொல்றான். மறுநாளே அதே ஊர்ல நின்டெண்டோ போய் பிலிப்ஸ் கையைப் பிடிச்சுக்கிட்டான். அந்த அவமானத்துக்குப் பதிலா சோனி தனிக்கட்சி கண்டு, 1994 டிசம்பர்ல ஜப்பான்ல கடை விரிச்சான். அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 2 இதுவரைக்கும் 16 கோடி வித்திருக்கு. கூட்டணி உடைஞ்சதுல ஆட்சியே பிடிச்சவன் உன் ஆளு.

அதுக்கு முன்னால சேகான்னு இன்னொரு பெட்டிக் கம்பெனிக்காரனும் நின்டெண்டோவும் போட்ட சண்டையை உங்க அப்பன்மாரைக் கேளுங்க. நம்ம பக்கம் அப்போ நுழைஞ்சது சாமுராய்னு பேர் போட்ட நின்டெண்டோ பெட்டியும், அதைப் பார்த்து அடிச்ச டூப்ளிகேட்டும். கேசட்டு மேல 99999 ஆட்டம்னு போட்டிருக்கும். பட்டியலைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தா அதே மரியோ, அதே கான்ட்ராதான் வேற வேற நம்பர்ல சுத்திச் சுத்தி வரும். ஓடலைன்னா கேசட்டைப் புடுங்கி, அடியில வாயை வெச்சு ஊதி, மறுபடியும் சொருகுவாங்க. ஊதுற எச்சில் ஈரம் பட்டுப் பட்டுப் செம்புப் பல்லு கருத்துப் போகும்னு எவனுக்கும் தெரியாது. சேகாவை 1995-ல இந்தியாவுக்குக் கொண்டாந்தது யாரு தெரியுமா? ஷா வாலஸ். ஆமாண்டா, புதுச்சேரிக்காரன் பாட்டில் லேபிள்ல பார்த்துப் பழகின அதே ஷா வாலஸ். 80 சதவீத இறக்குமதி வரியைச் சுத்திப் போக வழி பார்த்தும் மெகா டிரைவ் பெட்டிக்கு 18,000 ரூபா வெச்சாங்க. அந்தக் காலத்து 18,000-டா! சரக்கு விக்கறவன் கொண்டாந்தும் நம்மாளுக்குத் தலை சுத்தினது விலையைப் பார்த்துத்தான்.

முடிவு என்னாச்சு? 2001-ல சேகா பெட்டி செய்யறதையே நிறுத்திட்டான். அந்த வருஷம் முடியறதுக்குள்ள அவனோட நீல முள்ளெலி சோனிக், நின்டெண்டோ பெட்டியில ஓட ஆரம்பிச்சிடுச்சு. 2007-ல மரியோவும் சோனிக்கும் ஒரே ஒலிம்பிக் ஆட்டத்துல சேர்ந்து ஓடினாங்க. இவங்களுக்காகப் பள்ளிக்கூடத்துல சட்டையைக் கிழிச்சிக்கிட்ட பசங்களுக்கு ஒரு பதக்கம் உண்டா?

மூலைவூட்டுத் தம்பி, சிரிக்காதே. உன் கட்சிக் கதை அதைவிட ருசி. 69 பில்லியன் டாலர் கிட்டக் கொடுத்து கால் ஆஃப் டியூட்டி ஆட்டம் செய்யற ஆக்டிவிஷனை உன் எக்ஸ்பாக்ஸ்காரன் மைக்ரோசாஃப்ட் வாங்கப் போறான்னதும், அந்த ஆட்டம் நம்ம கையை விட்டுப் போயிடும்னு சோனி ஊரைக் கூட்டினான். கடைசியில 2023 ஜூலையில ரெண்டு பேரும் ஒக்காந்து, பத்து வருஷத்துக்கு அது பிளேஸ்டேஷன்லயும் ஓடும்னு கையெழுத்துப் போட்டுக்கிட்டாங்க. அதுக்கும் முன்னாடியே, 2019 மே மாசம், இணையம் வழியா ஆட்டம் அனுப்பற வேலைக்கு மைக்ரோசாஃப்ட்டோட கம்ப்யூட்டர் கிடங்கை உபயோகப்படுத்தப் பேச்சு நடத்துறோம்னு சோனியே அறிக்கை விட்டான். 2025-ல பச்சைக்கொடிப் பட்டாளத்துல முன்வரிசையில நின்ன ஃபோர்ஸா ஹொரைசன் 5, கியர்ஸ் ஆஃப் வார் ரெண்டும் நீலக்கொடி வூட்டுக்கு வந்து சேர்ந்துச்சு. தளபதியாட்டம் இருந்த ஹேலோவும் வருதுன்னு அந்த வருஷமே அறிவிச்சிட்டாங்க. தலைவன் ராத்திரியே கட்சி மாறிட்டான், நீ காலையில அவன் போஸ்டருக்குப் பசை தடவிக்கிட்டு இருக்கே.

அடுத்தது பலம். மூலைவூட்டான் 12 டெராஃப்ளாப்புங்கறான். மாடிவூட்டான் பத்தேகாலுன்னா என்ன, ஓடுற வேகத்தைப் பாருங்கறான். எனக்கு டெராவும் தெரியாது, ஃப்ளாப்பு மட்டும் கொஞ்சம் தெரியும். 1989-ல நின்டெண்டோ கையில புடிக்கிற கேம் பாய் ஒண்ணு விட்டான். பச்சை படிஞ்ச மங்கல் திரை, கலர் கிடையாது, நாலு பேட்டரி. அடுத்த வருஷமே சேகா, ஜொலிக்கிற கலர் திரையோட கேம் கியர் கொண்டாந்தான். ஆறு பேட்டரி போடணும், அஞ்சு மணி நேரத்துக்குள்ள உசிர் போயிடும். பஸ் விழுப்புரம் தாண்டி சேலம் போய்ச் சேர்றதுக்குள்ள பெட்டி செத்திருக்கும். கடைசிக் கணக்குல கேம் பாய் குடும்பம் 11 கோடிக்கு மேல, கேம் கியர் ஒரு கோடி சொச்சம். அந்த மங்கல் பெட்டியைச் செஞ்ச குன்பேய் யோகோய், நின்டெண்டோ சீட்டுக்கட்டுக் கம்பெனியா இருந்தப்போ மெஷின் பார்த்துக்கற வேலைக்குச் சேர்ந்தவரு. எல்லாரும் பழகி, விலை விழுந்துபோன பொருளை எடுத்து, அதை வெச்சுப் புது வெளையாட்டு யோசிக்கறதுதான் அவர் வழி. அதே வழியில 2017-ல வந்த ஸ்விட்ச், பலத்துல மூணுலயும் நோஞ்சான். வித்தது 15 கோடிக்கு மேல.

அந்த நோஞ்சானை நின்டெண்டோ நம்ம நாட்டுல முறையா விக்கவே இல்லை, அது தெரியுமா? வித்தவன் எல்லாம் இறக்குமதிக் கடைக்காரன். இதுல வேடிக்கை, புனேக்காரப் பசங்க நம்ம புராணத்தை வெச்சுச் செஞ்ச ராஜி ஆட்டம் 2020 ஆகஸ்ட்ல முதல்ல வந்தது அந்த ஸ்விட்ச்லதான். மத்த பெட்டிக்கு அக்டோபர்ல. நம்மூர்ச் சாமியை நம்மூர்ல விக்காத பெட்டியிலதான் முதல்ல கும்பிடணும்!

யாரும் உத்தமன் இல்லைங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. எக்ஸ்பாக்ஸ் 360 மூணு சிவப்பு விளக்கைக் காட்டிட்டுப் படுத்துப் படுத்து, 2007-ல மைக்ரோசாஃப்ட் 100 கோடி டாலருக்கு மேல ஒதுக்கி வாரண்டியை மூணு வருஷமாக்க வேண்டியதாப் போச்சு. 2011-ல பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குல திருடன் பூந்து 7.7 கோடிக் கணக்கோட விவரம் பறிபோய், 23 நாள் கடையைச் சாத்தி வெச்சாங்க.

சரி, தீர்ப்புக்கு வரேன். வெத்தலை பாக்கு வெச்சுக் கேட்டிருந்தா இன்னும் நல்லாச் சொல்லியிருப்பேன், பரவாயில்லை. நீளமாக் கதை சொல்ற ஆட்டம் வேணும்னா நீலக்கொடி. காட் ஆஃப் வார், தி லாஸ்ட் ஆஃப் அஸ்னு அவன் பக்கம் ஆள் பலம் உண்டு. மாசச் சந்தா கட்டி நூத்துக்கணக்கான ஆட்டத்தை மேஞ்சு பார்க்கணும்னா பச்சைக்கொடியோட கேம் பாஸ். பழைய 360 டிஸ்க்கு பலதும் அவன் பெரிய பெட்டியில ஓடும். ஆயாவும் பேத்தியும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து ஆடணும்னா சிவப்புக்கொடி.

இப்போ காசு. பிளேஸ்டேஷன் 5 இங்க 2021 பிப்ரவரியில வந்தப்போ 49,990 ரூபா. அப்போ அவனோட பெரிய ஆட்டம் ஒண்ணு 4,999. பத்து ஆட்டம் வாங்கினா இன்னொரு பெட்டி விலை, பைசா பெசகாம. அதனால அம்மாகிட்டப் பெட்டி விலையை மட்டும் சொல்லு. அப்பாகிட்ட அதுவும் சொல்லாதே.

டிஸ்க்கு வாய் இருக்கிற பெட்டியா வாங்கு. ஐயாயிரம், பத்தாயிரம் மிச்சம்னு வாயில்லாப் பெட்டி வாங்கினா, ஆயுசுக்கும் அவன் ஒரே கடையிலதான் நிக்கணும். டிஸ்க்குன்னா ஆடி முடிச்சுப் பாதி விலைக்குத் தள்ளலாம், மாத்திக்கலாம், எவன்கிட்டயாவது ஓசியும் வாங்கலாம். இன்னொண்ணு, இந்த ஊருக்குன்னே சொல்றேன். பாரிஸ்ல இருக்கிற மாமா பாசமா பிளேஸ்டேஷன் காசு கார்டு அனுப்பறேம்பாரு. யூரோ கார்டு இந்தியக் கணக்குல ஏறாது. கார்டு வேணாம் மாமா, ரொக்கமாவே அனுப்பிடுங்கன்னு பணிவாச் சொல்லிடு.

முக்கியமான சூட்சுமம் இதுதான், காதைக் கொடுங்க. ரெண்டு பேரும் ஒரே பெட்டி வாங்காதீங்க. மாடிவூட்டான் நீலமே வாங்கட்டும், மூலைவூட்டான் பச்சையே வாங்கட்டும். நாலு வூடு தள்ளி இருக்கிற ரெண்டு பேருக்கு ஒரு காசுல ரெண்டு கட்சி ஆட்டமும் கிடைச்சிடும். சண்டையை மட்டும் வெளியில சத்தமாப் போட்டுக்கிட்டே இருங்க. அப்பத்தான் ரெண்டு அப்பனும் என் புள்ளை கொறைஞ்சவனான்னு பர்ஸைத் தொறப்பானுங்க. கம்பெனிக்காரன்கிட்ட இதையாவது கத்துக்கோங்கடா.

முதல் ஆட்டம் எதுன்னு நான்தான் சொல்லுவேன். வெண்பான்னு ஒண்ணு, 2023-ல டொரன்டோவுல விசை கேம்ஸ்னு நம்ம தமிழ்ப் பசங்க செஞ்சது. 80-கள்ல கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவோட கிழிஞ்ச சமையல் புஸ்தகம். முதல் வேலையே இட்லி ஊத்தறது. தட்டை ஏனோதானோன்னு அடுக்கினா இட்லி வேகாது, ஆவி போற வழி பார்த்து அடுக்கணும். அடுத்த வருஷமே பிரிட்டன்ல பாஃப்டா விருது வாங்கிடுச்சு. நீலம், பச்சை, சிவப்பு மூணு பெட்டியிலயும் அது ஓடும், எந்தக் கொடிக்காரனுக்கும் சாக்கு கிடையாது. ஐம்பதாயிரம் ரூபா பெட்டியில இட்லித் தட்டு அடுக்கிப் பழகினவன், வூட்டு அடுப்பாங்கரையில ஒரு நாளாவது அடுக்கறானான்னு பார்த்துட்டு அப்புறம் கால் ஆஃப் டியூட்டிக்கு உத்தரவு கொடுக்கலாம்னு உங்க அம்மாமாருகிட்ட நான் ஏற்கெனவே பேசி வெச்சிட்டேன்.

மொறைக்காதீங்கடா. ரெண்டு பெட்டியையும் எங்க வூட்டுப் பெரிய டிவியிலயே மாட்டிக்கலாம். ஆயா சீரியல் பார்க்கிற ஏழுலேர்ந்து ஒம்பது வரைக்கும் கிட்டக்கூட வராதீங்க. கரண்டு பில்லை ரெண்டு கட்சியும் சரிபாதி கட்டிடுங்க. நடுநிலை வகிச்சவனுக்கு ஆளுக்கொரு மசால் வடையும் டீயும், தினம்.