மேனுவல் மாமா

அவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் புதுக் கார் வாங்கியிருக்கிறேன் என்றால், மற்றவர்கள் விலை கேட்பார்கள், மைலேஜ் கேட்பார்கள். மேனுவல் மாமா மட்டும், "ஆட்டோமேட்டிக்கா?" என்பார். ஆமாம் என்று பதில் வந்தால் முகத்தில் துக்கம் விசாரிக்கும் களை வந்துவிடும். "பரவால்ல... ஃபேமிலிக்குச் சௌகரியம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை காட்டுவார்.

மாமாவுக்கு ஐ.டி. கம்பெனியில் உத்தியோகம். வீட்டில் இருப்பது வெர்னா டர்போ: 160 குதிரைத்திறன், ஆறு கியர், இருங்காட்டுக்கோட்டைத் தயாரிப்பு. "ஃபேக்டரியும் அங்க, ரேஸ் டிராக்கும் அங்க. வண்டிக்கு ரத்தத்துலயே இருக்கு" என்பார். ஆனால் பேசுவதெல்லாம் தன்னால் வாங்க முடியாத கார்களைப் பற்றித்தான்.

2013-ல் போர்ஷே தன் 911 ஜிடி3 காரை பி.டி.கே. என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸோடு மட்டும் விற்கக் கிளம்பியது. அந்தத் துரோகத்தை மாமா இன்னும் மன்னிக்கவில்லை. 2016-ல் மேனுவல் மட்டுமே உள்ள 911 ஆர் வந்தது, மொத்தம் 991 வண்டி. 2017-ல் ஜிடி3-க்கே மேனுவல் திரும்பியது. "போராடி வாங்கினோம்டா" என்பார். அந்தப் போராட்டத்தில் மாமா எந்தச் சிறையில் இருந்தார் என்று யாரும் கேட்டதில்லை.

தங்கை மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். செல்போனை நீட்டினான்.

"மாமா, 2021-ல வந்த ஜிடி3-ஐப் பாருங்க. பி.டி.கே. நூறைத் தொட 3.4 செகண்ட். மேனுவல் 3.9."

"டாப் ஸ்பீடு என்ன போட்டிருக்கான்?"

"பி.டி.கே. 318. மேனுவல் 320."

"அதைச் சொல்லு முதல்ல!"

அந்த இரண்டு கிலோமீட்டரை மாமா மத்திய கைலாஷ் சிக்னலில் எப்படிச் செலவழிப்பார் என்பது வேறு விஷயம்.

பாவம், முன்பெல்லாம் அவருக்கு வாதாட நிறைய இருந்தது. பழைய ஆட்டோமேட்டிக் மந்தம், பெட்ரோலும் குடிக்கும். இரட்டைக் கிளட்ச் வந்து காரியத்தைக் கெடுத்தது. ஒரு கிளட்ச் மூன்றாவது கியரில் இழுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றின் பக்கம் நான்காவது கியர் தயாராக நிற்கும். இதை விட்டு அதைப் பிடிக்கும்போது இழுவை அறுபடுவதே இல்லை. மனுஷன் காலால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. வேகம் போச்சு, மைலேஜ் போச்சு. கடைசியில் மாமா எந்த மீட்டராலும் அளக்க முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்: "ஃபீல்."

அந்த ஃபீலுக்கு விலையும் போட்டுவிட்டார்கள். 2023-ல் இங்கே விற்பனைக்கு வந்தபோது பிஎம்டபிள்யூ எம்2-வில் ஆட்டோமேட்டிக் கேட்காமலே வந்தது. மேனுவல்தான் வேண்டும் என்றால் 1 லட்சம் கூடுதலாகக் கேட்டார்கள்.

"மெதுவாப் போறதுக்கு எக்ஸ்ட்ரா காசா மாமா?"

"பழனிக்கு பஸ் இருக்கு. ஜனங்க ஏன்டா நடந்து போறாங்க?"

பையன் போனைப் பைக்குள் வைத்துவிட்டான்.

மாமாவின் யாத்திரை ஞாயிறு விடியற்காலை, ஈசிஆரில். அதற்கென்றே அடி மெலிந்த ஷூ ஒன்று வைத்திருக்கிறார். முட்டுக்காடு தாண்டியதும் 'ஹீல் அண்ட் டோ' ஆரம்பமாகும். இடது கால் கிளட்சில். வலது காலின் முன்பகுதி பிரேக்கில். அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டருக்கு ஒரு தட்டு. கை நான்கிலிருந்து மூன்றுக்கு. இன்ஜின் ஒரு உறுமு உறுமி, வண்டி குலுங்காமல் கியர் விழுந்துவிட்டால், சங்கீத வித்வான் மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார். விழாவிட்டால், "ரோடு சரியில்ல."

திங்கட்கிழமை? வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் போகவேண்டும். "டர்போ வண்டிய டிராஃபிக்ல போட்டு வதைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அத்தையின் ஆட்டோமேட்டிக் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வெள்ளி வரைக்கும் இதே ஏற்பாடுதான்.

ஆகவே வெர்னா அத்தையிடம். ஸ்கூல், பேங்க், மாவு மில், பாட்டுக் கிளாஸ். விஜயநகர் சிக்னலில் முதல் கியர், இரண்டாவது, மறுபடி முதல். நடுவில் பின்சீட்டுச் சண்டைக்குத் தீர்ப்பு. எல்லாம் செருப்புக் காலோடு. இதில் ஃபீல் எதுவும் வந்ததாக அவர் சொன்னதில்லை.

போன ஞாயிறு ஈசிஆரிலிருந்து திரும்பிய மாமா, மருமகன் எதிரிலேயே பெருமையாகக் கேட்டார்: "வாரம் பூரா ஓட்டறியே, எப்படி இருக்கு நம்ம கியர்பாக்ஸ்?"

"கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. கிளட்ச்தான் மேல பிடிக்குது. ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போய் என்னங்க பண்றீங்க அதை?"