அக்னி மூலையில் ஒரு ரவுட்டர்

வைஃபை பெட்டியை வீட்டில் எங்கே வைப்பது என்பதை நாம் முடிவு செய்வதில்லை, கேபிள்காரர் முடிவு செய்கிறார். ஜன்னல் வழியாக ஃபைபர் ஒயரை உள்ளே விடுவார். கையில் மிச்சமிருக்கும் நீளம் எந்த ஆணிவரை எட்டுகிறதோ, அங்கே பெட்டியை மாட்டுவார். "ஸ்பீடு பாத்துக்கங்க சார்" என்று பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு தன் போனை நீட்டுவார். நூறு எம்பிபிஎஸ் காட்டும். காட்டாமல் என்ன செய்யும்? நாம் என்ன, அந்த ஆணிக்குக் கீழேயா குடித்தனம் நடத்தப்போகிறோம்?

விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீடு தாத்தா கட்டியது. சுவர் ஒன்றரை அடி. திருடன் கன்னக்கோல் போட்டாலும் விடிய விடியக் குடைய வேண்டும் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். திருடன் வரவே இல்லை. வைஃபையும் வரவில்லை.

பெட்டி வாசல் அறையில், நான் வேலை பார்க்கும் மேசை பின்கட்டில். நடுவே இரும்பு பீரோ, பீரோவில் ஆளுயரக் கண்ணாடி, அதற்கப்பால் முனிசிபாலிட்டி தண்ணீரை நம்பாமல் அம்மா நிரப்பி வைக்கும் நீல டிரம். இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும். கண்ணாடியின் பின்னால் பூசிய ரசமும் அப்படித்தான். தண்ணீரோ குடித்தே விடும். வைஃபையை வரவிடக் கூடாது என்று ஓர் இன்ஜினீயரை அழைத்துத் திட்டம் போட்டிருந்தாலும் இத்தனை பொருத்தமாக அமைந்திருக்காது. போதாததற்கு, தூசி படியக்கூடாது என்று பெட்டிக்குப் பூத்தையல் போட்ட துணியுறை. ஆயுத பூஜையன்று ஆன்டெனா ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம்.

ஜகதீஷ் சந்திர போஸ் 1895 வாக்கில் கல்கத்தா டவுன்ஹாலில் கம்பியில்லா அலையைச் சுவர்கள் தாண்டி அனுப்பி, அடுத்த அறையில் மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தைக் கொளுத்தினார். நடுவில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார துணை ஆளுநரின் கனத்த சரீரத்தையும் அந்த அலை கடந்து போனது என்பார்கள். துணை ஆளுநரைத் தாண்டிய அலையின் வாரிசு, நூற்று முப்பது வருஷம் கழித்து என் அம்மாவின் தண்ணீர் டிரம்மைத் தாண்ட முடியாமல் நின்றது.

பெட்டி வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் எங்கள் வீட்டின் நடு என்பது கூடத்துச் சுவர். அங்கே இருப்பவர் தாத்தா.

"அவர் தலைக்கு மேலயா மாட்டப்போற?" என்றார் அம்மா.

"கீழே மாட்டினா?"

"கால்மாட்டுலயா?"

படத்தில் தாத்தாவுக்கு மார்பு வரைதான் உண்டு என்று அப்பா குறுக்கே சொன்ன நியாயம் எடுபடவில்லை. கடைசியில் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி என்று பேசி முடிந்தது. ஒயரை நீட்ட வந்த கேபிள்காரர் நாற்காலி மேல் ஏறும் முன்னால் தாத்தாவைக் கும்பிட்டுவிட்டு ஏறினார். போனில் ஓர் இலவச ஆப் போட்டு அளந்து பார்த்தேன். மைனஸ் 84 டெசிபல் இருந்த என் மேசையில் இப்போது மைனஸ் 63. பத்து டெசிபல் கூடினால் வரும் சக்தி பத்து மடங்கு, இருபது கூடினால் நூறு மடங்கு. காசு செலவில்லாமல் நூறு மடங்குக்கு மேல் லாபம் தருகிறேன் என்று வேறு யாராவது சொன்னால் போலீசில்தான் சொல்ல வேண்டும். தாத்தா படத்து ஜீரோ வாட் பல்பு பியூஸ் போய் நாளாகிவிட்டது. அந்த வேலையையும் இப்போது ரவுட்டரின் பச்சை விளக்கே பார்க்கிறது.

மாடி அறையில் மட்டும் சிக்னல் சோகை. நேராக நிற்கும் ஆன்டெனாவிலிருந்து அலை மெதுவடை வடிவத்தில் பரவும், ஆன்டெனா ஓட்டைக்குள் நிற்கும். பக்கவாட்டில்தான் சதைப்பற்று, மேலும் கீழும் வெறும் காற்று. ஒரு ஆன்டெனாவைப் படுக்க வைத்தேன், மாடிக்கும் கொஞ்சம் எட்டியது. மறுநாள் காலையில் அது மறுபடி நிமிர்ந்து நின்றது. 'சாமிக்குப் பூ வைக்கிறப்ப கோணலா இருந்துது' என்றார் அம்மா. பெட்டி எப்போது சாமியானது என்று நான் கேட்கவில்லை.

திண்டிவனம் கிடங்கலில் என் அக்கா வீடு. புது கான்கிரீட் கட்டடம். அங்கே எதிர்ப்பக்கத்து வக்கீல் அக்காவின் மாமனார். மின்சாரச் சாமான் எதுவானாலும் அக்னி மூலையில்தான் என்பது அவர் கட்சி. அக்னி மூலை என்றால் தென்கிழக்கு, தென்கிழக்கு என்றால் சமையலறை. ஆக ரவுட்டர் மிக்சிக்கு மேலே, மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில். அந்த அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில், வைஃபையின் பழைய அலைவரிசை 2.4-ல். நேற்றைய சாம்பாரைச் சூடு பண்ணும் நேரமெல்லாம், ஆன்லைன் வகுப்பில் இருக்கும் அக்கா மகளின் டீச்சர் வாயைத் திறந்தபடி உறைந்துவிடுவார். "அந்த மிஸ்ஸுக்கு இந்த நேரத்துல தினமும் இப்படி ஆகுது, டாக்டர்கிட்ட காட்டச் சொல்லும்மா" என்றார் மாமனார் நிஜமான அக்கறையோடு.

இடத்தை மாற்றச் சொல்லும் தைரியம் பெண் கொடுத்த வீட்டுக்காரனுக்கு ஏது? 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டேன். அதற்குச் சாம்பாரோடு பகை இல்லை, ஆனால் சுவரைக் கண்டால் பயம். ஆகவே ஒரு ரிப்பீட்டர் வாங்கினோம். எல்லா வீட்டிலும் இதைச் சிக்னலே இல்லாத அறையில் கொண்டுபோய்ச் செருகுவார்கள். தனக்கே காது கேட்காத இடத்தில் உட்கார்ந்து அது எதை எடுத்துச் சொல்லும்? பாதி வழியில் வைக்க வேண்டும். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலையில் என்பதால் மலிவு ரகம் வேகத்தில் பாதியைக் கமிஷனாக எடுத்துக்கொள்ளும். சுவரில் துளை போட்டு லேன் கேபிள் இழுப்பதுதான் முழு வைத்தியம். துளைக்கு மாமனார் நாள் பார்க்கிறார், ஆடி கழியட்டும் என்றிருக்கிறார்.

டவரும் சேர்ந்து படுத்துவிட்டால் வீட்டுப் பெட்டியை எந்த மூலையில் வைத்து என்ன? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகர மனமில்லாமல் நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓட, ரயில்கள் நின்றன. கரண்ட் போனால் டவர் பேட்டரியில் ஓடும், அப்புறம் டீசலில் ஓடும், டீசல் கொண்டுவர ரோடு இல்லாவிட்டால் ஓடாது. எங்கள் தெருவில் சிக்னல் எட்டிப் பார்த்த ஒரே இடம் எதிர்வீட்டு மொட்டை மாடியின் வடகிழக்குக் கைப்பிடிச் சுவர். தெருவே குடையோடு மேலே ஏறி வரிசையில் நின்றது. யார் வீட்டு மாப்பிள்ளை போனை எடுப்பதில்லை, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அன்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. வெள்ளம் வடிந்த பிறகும் சில வீடுகளுக்குள் பேச்சுவார்த்தை திரும்பவில்லை.

இனி வழிப் பயணம். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்டெல்லின் வைஃபை இருக்கிறது, முதல் அரைமணி இலவசம். சேர்வதற்கு ஓடிபி வேண்டும், ஓடிபி வருவதற்கு மொபைலில் சிக்னல் வேண்டும். சிக்னல் இருக்கிறவன் ஏன் வைஃபை கேட்கிறான்? கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கும்போதுகூட நான் இத்தனை சுற்றி வந்ததில்லை.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் 'பூஸ்டர்' என்று ஒரு பெட்டி வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அனுமதியில்லாமல் மொபைல் சிக்னல் ரிப்பீட்டர் வைப்பது குற்றம். 1933-ம் வருஷத்து வயர்லெஸ் சட்டம் தொட்டே அப்படித்தான். அந்தப் பெட்டி டவரின் காதில் ஓயாமல் கத்தி, ஊரில் மற்றவர் பேச்சையும் கெடுக்கும். அந்த வேலைக்கு எங்கள் தெருவில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்.

காசில்லாத வழிகள்தான் எனக்குக் கைகொடுத்தவை. ரயிலில் ஏசி பெட்டியைத் தவிர்ப்பேன், அதன் ஜன்னல் கண்ணாடிப் பூச்சு வெயிலோடு சிக்னலையும் வடிகட்டுகிறது. தாம்பரம் பாசஞ்சரில் ஜன்னலோர சீட். போனில் 5ஜியை அணைத்து 4ஜியில் நிறுத்துவேன். 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அவ்வளவு உயர்ந்த அலைக்கு வயல்வெளியில் தூரம் போகத் தெம்பில்லை. அப்படியும் பேரணி தாண்டினால் மயிலம் ஸ்டேஷன் வரை என் சிம் சந்நியாசம் வாங்கிக்கொள்கிறது.

சென்னை மேனேஜரோடு மீட்டிங் நடக்கும்போது, கணக்கு நம்பரைச் சொல்லிக்கொண்டே இருக்கையில் அங்கேதான் அறுந்தது. போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன், தலைக்கு மேல் தூக்கினேன். எதிர் சீட்டில் பூசணிக்காய் மூட்டையோடு ஒரு பெரியவர். அவர் பட்டன் போன் 'கிணிங்' என்றது. திண்டிவனம் மார்க்கெட்டில் யாரோடோ கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டச் சொல்லிச் சாவகாசமாகப் பேரம் பேசி முடித்தார். 900 மெகாஹெர்ட்ஸ், பழைய 2ஜி. உயரத்தில் பறக்க ஆசைப்படாததால் தூரம் போகிறது.

"உன்னுது எவ்வளவு தம்பி?"

"முப்பதாயிரம் ஐயா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் போனை வேட்டியில் துடைத்து என்னிடம் நீட்டினார். மேனேஜரைக் கூப்பிட்டு, மிச்ச நம்பரைச் சொல்லி, ஏன் பாதியில் போனீர் என்பதற்கான ஏச்சையும் முழுசாக வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

"அந்தாளு சென்னையிலயா இருக்காரு?" என்றார் பெரியவர்.

"ஆமாங்க."

"அவரு போட்ட சத்தத்துக்கு, போனே வேணாம் தம்பி."