வெப்சைற் தம்பி

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சனிக்கிழமை பின்னேரம் நின்று, "வெப்சைற் செய்யிற ஆள் ஆரும் இருக்கினமோ?" என்று கொஞ்சம் உரத்துக் கேட்டுப் பாருங்கள். மூன்று பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களில் தோளில் கறுப்புப் பையோடு, எந்தக் கடைக்குள் போனாலும் சாமான்களைப் பார்க்காமல் சுவரில் பிளக் பொயின்ற் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்தான் நமது ஆள். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. கடைக்காரர்களின் போனில் மட்டும் அவர் 'வெப்சைற் தம்பி'. வயது நாற்பதைத் தாண்டினாலும் தம்பிதான்.

விசிற்றிங் கார்ட்டில் பாரிஸ் என்று போட்டிருப்பார். இருப்பது புறநகரான சார்செல். 1955இல் கட்டத் தொடங்கிய லொஷேர் அடுக்குமாடிகளில் ஒன்றில் அம்மா, அப்பா, தங்கச்சி, அம்மம்மா, 'சேர்வர்' என்று அவர் அழைக்கும் ஒரு பழைய கொம்பியூட்டர் ஆகியோருடன் வசிக்கிறார். ஒஃபிஸ் எங்கே என்று கேட்டால், "கார்-து-நோர் பக்கம்" என்பார். அது தேத்தண்ணிக் கடையின் பின்மேசை. கார்ஜ்-சார்செலில் எர்-எ-எர் 'டி' எடுத்தால் சென்-துனி தாண்டி கார்-து-நோர். அங்கிருந்து லாச்சப்பல் மெற்றோவுக்கு நிலத்துக்குக் கீழாலேயே நடந்து போகலாம். அந்த ரயில் அடிக்கடி பிந்தும் என்பது அதில் போய்வரும் எல்லோருக்கும் தெரியும். தம்பியின் தொழிலுக்கு அது எவ்வளவு துணை என்பது அவருக்கு மட்டுந்தான் தெரியும். "உங்கடை சைற்றை இண்டைக்கே ஏத்தியிருப்பன் அண்ணை, எர்-எ-எர் நிண்டுபோச்சு" என்பார். வெப்சைற் என்ன ரயிலிலா வருகிறது என்று இதுவரை ஒரு முதலாளியும் கேட்கவில்லை.

2009 ஜனவரியில் பிரெஞ்சு அரசாங்கம் 'ஓட்டோ-அந்த்ரப்ரனர்' என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒரு படிவத்தை நிரப்பினால் 14 இலக்கத்தில் சிரே என்ற பதிவு நம்பர் ஒன்று வரும். ஆள் அன்றிலிருந்து முதலாளி. எங்கள் பெடியன்கள் பலர் அந்த நம்பரோடுதான் கலியாணச் சந்தைக்குள் இறங்கினார்கள். "பெடியன் என்ன செய்யிறார்?" "சொந்தக் கொம்பனி." அந்தக் கொம்பனியில் முதலாளி, வேலையாள், கணக்கப்பிள்ளை, தேத்தண்ணி வாங்கப் போகிறவர் எல்லாம் ஒரே ஆள் என்பதை அம்மா சொல்லமாட்டார். கேட்காத விபரத்தை ஏன் சொல்வான்? இந்த முறையில் மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை, சமூகக் காப்புப் பணம் அறவிடும் உர்சாஃபுக்கு வருமானத்தை அறிவிக்கவேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் பூச்சியம் என்றாவது அறிவிக்கவேண்டும். தம்பி பூச்சியத்தை ஒருநாளும் தவறவிட்டதில்லை. பொய்யும் சொல்லவில்லை. மரக்கறிக் கடைக்காரர் கூலியாகத் தந்த முருங்கைக்காயையும், சாப்பாட்டுக் கடைக்காரர் "பிறகு பாப்பம் தம்பி, இப்ப சாப்பிடும்" என்று வைத்த கொத்துரொட்டியையும் எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

வாடிக்கையாளர் இரண்டு வகை. ஒன்று கடை, மற்றது சங்கம். கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு வெப்சைற் வந்துவிட்டது என்பதற்காக வருவார். சங்கத்துக்குக் காரணமே தேவையில்லை. பிரான்சில் 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சங்கம் தொடங்க இரண்டு பேர் போதும். அது இரண்டாகப் பிரிய எத்தனை பேர் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை; எங்கள் ஆட்கள் அதற்கும் இரண்டு பேர் போதும் என்று நிரூபித்திருக்கிறார்கள். பழைய மாணவர் சங்கம் உடைந்தால் தம்பிக்கு யோகம். ஒரே பள்ளிக்கூடம், ஒரே சின்னம், ஒரே அதிபர் படம், இரண்டு வெப்சைற். தலைவரின் படத்தை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் சங்கத்தின் யாப்பைப் பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்புவார்கள். தம்பி திறந்து பார்த்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அந்த அரைப்புள்ளி விசையில் இருப்பதால் வரிக்கு வரி அது தூவிக் கிடக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றி, எழுத்துப் பிழை திருத்தி, செயலாளரின் பெயருக்கு முன்னால் 'உயர்திரு' போட்டு முடிக்க இரவு இரண்டு மணியாகும்.

இதெல்லாம் வயிற்றுப்பாடு. தம்பியின் உயிர் இருப்பது ட்ராஃபிக்கில். ஒரு சைற்றுக்கு ஆட்களை எப்படிக் கூட்டுவது என்பதில் அவர் செய்யாத பரிசோதனை இல்லை. தொடக்க காலத்தில் பக்கத்தின் அடியில் 'வருகை தந்தோர்' என்று ஒரு எண் ஓடும்; அதைப் பத்தாயிரத்தில் தொடக்கிவிட்டார். வெறும் கடைக்குள் ஒருவரும் நுழையமாட்டார்கள் என்பது அவர் வாதம். பிறகு வருகைக் கணக்கு விளக்கப்படங்களின் காலம் வந்தது. அரிசிக் கடையில் நான் கண்ணால் கண்டது இது.

"தம்பி, சைற்றைப் பாத்து ஒரு சனமும் வரேல்லையே?"

தம்பி மடிக்கணினியை அரிசி மூட்டைக்கு மேல் வைத்துத் திறந்தார். "இஞ்சை பாருங்கோ அண்ணை. இந்தக் கிழமை இருநூறு பேருக்கு மேலை."

"எங்கையிருந்து?"

"கனபேர் அமெரிக்கா. ஆஷ்பர்ன் எண்டு ஒரு இடம்."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "அங்கையும் எங்கடை ஆக்கள் இருக்கினமோ?" பிறகு உள்ளே பார்த்து, "இஞ்சாரும், உந்தச் சீட்டுக்கார அன்ரியின்ரை மருமோன் அமெரிக்காவிலை எவடம்?"

வேர்ஜீனியா மாநிலத்து ஆஷ்பர்ன், உலகத்திலேயே சேர்வர்க் கட்டடங்கள் மிக நெருக்கமாக இருக்கும் ஊர். அங்கிருந்து வருகிறவை பெரும்பாலும் இணையத்தைத் துழாவித் திரியும் தானியங்கி நிரல்கள். அவை சோறு தின்பதில்லை. தம்பிக்கு இது நன்றாகத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், நான் பருப்புப் பக்கெற்றைப் பார்த்தேன். அடுத்த கிழமை கடை வாசலில் ஒரு அறிவித்தல் தொங்கியது: 'அமெரிக்காவுக்கும் அனுப்பப்படும்'.

2018 பெப்ரவரியில் கூகிள் தன் விளம்பரத் திட்டத்தில் தமிழைச் சேர்த்துக்கொண்டபோது தம்பி அடுத்த கட்டத்துக்குப் போனார். தானே ஒரு செய்தித் தளம் தொடங்கினார். 'லாச்சப்பலில் பரபரப்பு! அலைமோதிய மக்கள்!' என்று தலைப்பு இருக்கும். உள்ளே போனால் வெண்டிக்காய் ஒரு யூரோ மலிந்த கதை. கணக்கில் 70 யூரோ சேர்ந்தால்தான் காசு கைக்கு வரும் என்பதால், குடும்பத்தையே களத்தில் இறக்கினார். அம்மம்மா காலையில் திருநீறு பூசி முடிந்த கையோடு விளம்பரத்தைப் பத்துத் தரம் அமத்துவா. அதில் என்ன இருக்கிறது என்று அவ பார்ப்பதில்லை, பேரப்பிள்ளைக்குப் புண்ணியம். தன் விளம்பரத்தைத் தானும் தன் ஆட்களும் அமத்தக் கூடாது என்பது விதி. ஒரே வீட்டு வைஃபையிலிருந்து, ஒரே நேரத்துக்கு, பக்தியோடு விழுந்த அமத்தல்களை யந்திரம் கண்டுபிடித்தது. 70ஐக் காணாமலே கணக்கு மூடப்பட்டது.

2021 மார்ச் 10ஆம் தேதி விடியப்புறம் ஸ்ராஸ்பூர்க்கில் ஒரு பெரிய சேர்வர்க் கட்டடம் எரிந்து சாம்பலானது. ஐரோப்பா முழுவதும் எத்தனையோ இணையத்தளங்கள் அன்று காலை காணாமல் போயின. தம்பி பார்த்துக்கொண்டிருந்தவற்றில் ஒரு சங்கத்தின் தளம் உண்மையிலேயே அங்கேதான் இருந்தது. வரவுசெலவு அறிக்கைகளும் போய்விட்டன என்றபோது பொருளாளர் எதிர்பார்த்ததைவிட அமைதியாகவே இருந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம், லாச்சப்பலில் எந்தச் சைற் படுத்தாலும், அது எந்த நாட்டுச் சேர்வரில் இருந்தாலும், தம்பியிடம் பதில் தயாராக இருந்தது: "ஸ்ராஸ்பூர்க்கிலை எரிஞ்சு போச்சு அண்ணை."

அவருக்கும் ஒரு திருநாள் உண்டு. ரூ பஜோலில் இருக்கும் மாணிக்க விநாயகர் கோவில் 1985இல் தொடங்கியது. ஆவணி மாதத்துத் தேருக்கு லாச்சப்பல் வீதிகளில் தேங்காய்கள் மலைபோல் குவியும், சனம் நெரிபடும். தம்பி மின்கம்பத்தோடு சாய்ந்து நின்று போனில் நேரலை விடுவார். கனடாவில் விழித்திருந்து பார்ப்பார்கள், யாழ்ப்பாணத்திலும் பார்ப்பார்கள். பிள்ளையாரைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே விழும் கேள்விகள் எல்லாம், "அந்த நீலச்சீலை ஆர்?", "கொஞ்சம் இடப்பக்கம் திருப்பும்", "அவை ரெண்டு பேரும் திரும்பச் சேந்திட்டினமோ?" என்ற ரகம். தம்பி ஒன்றுக்கும் பதில் சொல்லார். இடப்பக்கம் மட்டும் திருப்புவார்.

ஆனாலும் எங்கள் சமூகத்தில் நம்பகமாக ஆட்களை இழுக்கும் விடயம் ஒன்றே ஒன்றுதான் என்பதைத் தம்பி பல வருடப் பரிசோதனைக்குப் பிறகு கண்டுகொண்டார். மரண அறிவித்தல். 'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் சார்செலை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கிவிட்டால் நாலு கண்டத்திலும் வாசிப்பார்கள். செத்தவர் யார் என்பதை இரண்டு விநாடியில் பார்த்துவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் உறவுமுறைப் பட்டியலில் நிற்பார்கள். தன் பெயர் இருக்கிறதா, யாருக்குப் பிறகு இருக்கிறது? நள்ளிரவில் தம்பியின் போன் அடிக்கும். "தம்பி, மைத்துனர்மாற்றை வரிசையிலை என்ரை பேரைக் காணேல்லை. நான் செத்துப்போனன் எண்டு நினைச்சீரோ?" தம்பி எழும்பிச் சேர்ப்பார். அரைமணியில் இன்னொருவர், "அவரை ஆர் சேர்க்கச் சொன்னது?" நேரில் பேசாத இரண்டு மைத்துனர்கள், ஒரு பக்கத்தின் திருத்தங்கள் வழியாக விடியும்வரை சண்டை பிடிப்பார்கள். நடுவில் நித்திரை இல்லாமல் இருக்கும் அந்த ஆளைத் தொழில் தெரியாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கொம்பியூட்டர் படித்த எத்தனை பேருக்கு, 'பெறாமக்கள்' பட்டியலில் யாரை யாருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று தெரியும்?

அவருக்கென்று ஒரு சொந்தத் தளமும் இருக்கிறது. திறந்தால் 'விரைவில்' என்று மட்டும் வரும். அது நெடுங்காலமாக அப்படித்தான் வருகிறது.

வேலை முடிந்ததும் அவர் தரும் பக்தூரின் (பில்லின்) அடியில் பிரெஞ்சில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். ஒருவரும் வாசிப்பதில்லை. குறித்த தவணைக்குள் காசு கட்டாவிட்டால் பிந்தியதற்கான வட்டியும், அதற்கு மேல் 40 யூரோ தண்டமும் உண்டு என்கிறது அந்த வரி. வியாபாரிகளுக்கிடையிலான பக்தூர்களுக்கு 2013 ஜனவரி முதல் பிரான்சில் அதுதான் சட்டம். தம்பி அதை ஒருவரிடமும் அறவிட்டதில்லை, அறவிடப் போவதும் இல்லை. உங்கள் கடை லாச்சியிலும் அவருடைய பக்தூர் ஒன்று மடித்தபடி கிடக்கக்கூடும். எடுத்துப் பார்த்து, யூரோவாகவே கட்டிவிடுங்கள். முருங்கைக்காய் அவர் வீட்டில் தேவைக்கு மேல் இருக்கிறது.